புகைச் சான்றில் எழுதப்படாத வாயு

இராமநாதபுரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு டீசல் பட்டறையையும், அதனோடு சேர்ந்த வாகனப் புகைப் பரிசோதனை மையத்தையும் நடத்தி வருகிறேன். கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வரும் மீன் வண்டிகள், கோடையில் ஓய்வே இல்லாமல் ஓடும் தண்ணீர் லாரிகள், இராமேஸ்வரத்துக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் எனப் பல வண்டிகளுக்கு என் கையால் சான்று கொடுத்திருக்கிறேன். சான்றைக் கையில் வாங்கியதும் பெரும்பாலான ஓட்டுநர்கள், "வண்டி சுத்தமா இருக்குல்லண்ணே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டீசல் வண்டியைச் சோதிக்கும்போது, கியர் போடாமல் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்து, வெளிவரும் புகையின் வழியாக ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறிக்கப்படுகிறது என்று கருவி அளக்கிறது. பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்னும் மாசு விதி) வண்டிக்கு அந்த அளவு மீட்டருக்கு 1.62-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 2.45 வரை அனுமதி உண்டு. பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் பார்க்கிறோம். இந்த இரு சோதனைகளிலும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு இடமில்லை. வாகனப் புகையில் வெளியேறும் அந்த வாயுவின் பெரும்பகுதியான நைட்ரிக் ஆக்சைடு நிறமற்றது, ஒளியை மறிக்காது. ஆகவே என் கருவி, வண்டி கரி கக்குகிறதா என்பதைச் சொல்லும். நைட்ரஜன் ஆக்சைடு கக்குகிறதா என்பதைச் சொல்லாது. புகையே தெரியாத வண்டி, இந்த வாயுவை மிக அதிகமாக விடும் வண்டியாகவும் இருக்கலாம்.

இது எப்படி என்பதைச் சற்று விளக்க வேண்டும். இந்த நைட்ரஜன் டீசலிலிருந்து வருவதில்லை. நாம் மூச்சு விடும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அது சாதாரண நிலையில் யாரோடும் சேராத சாதுவான வாயு. ஆனால் சிலிண்டருக்குள் எரிசுடரின் வெப்பம் 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது உடைந்து ஆக்சிஜனோடு சேர்ந்துகொள்கிறது. வெப்பம் ஏற ஏற இந்தச் சேர்க்கை மிக வேகமாகக் கூடுகிறது. எரிபொருள் நன்றாக எரிந்தால் கரி குறையும், ஆனால் சூடு கூடும். சூடு கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். கரியும் இதுவும் தராசின் இரண்டு தட்டுகள்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பம்பு வைத்த பழைய இன்ஜின்களில் புகை அதிகம் என்று வண்டி வந்தால், டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சரிபார்த்துவிட்டு, பம்பின் டைமிங்கைச் சிறிது முன்னுக்குத் தள்ளி வைப்பது எங்கள் வழக்கம். பிஸ்டன் மேலே வருவதற்குச் சில டிகிரி முன்னதாகவே டீசல் பீய்ச்சப்படும், புகை அடங்கும், பிக்கப் கூடும், மைலேஜும் சற்று ஏறும். ஓட்டுநருக்கும் முதலாளிக்கும் திருப்தி. சோதனையிலும் வண்டி தேறிவிடும். அதே வேலை சிலிண்டரின் உச்ச வெப்பத்தைக் கூட்டி நைட்ரஜன் ஆக்சைடை ஏற்றிவிடுகிறது என்பதைப் பல ஆண்டுகள் நான் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. கண்ணுக்குத் தெரிந்த கேட்டைக் குறைத்துக் கண்ணுக்குத் தெரியாத கேட்டைக் கூட்டி அனுப்பிய வண்டிகள் எத்தனை என்று நினைக்கும்போது இன்றும் மனம் வருந்துகிறது.

இதைச் சொன்னால், கடற்கரைக்காரர்களான நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "கடக்காத்து இருக்குண்ணே, எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிரும்." ஒரு வகையில் அது உண்மைதான். மதுரையின் நெரிசலான தெருவில் தேங்குவதுபோல் புகை இங்கே தேங்குவதில்லை. இருந்தாலும் பேருந்து நிலையத்திலும் ரயில்வே கேட்டிலும் வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும் இடங்களில், சைலன்சர் உயரத்திலேயே மூச்சு விடும் குழந்தைகளுக்கு அந்தக் கடற்காற்று வந்து சேர்வதற்குள் கேடு நடந்துவிடுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளில் ஒன்றான நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயின் உட்சுவரை எரிச்சலூட்டி வீங்கச் செய்யும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கூட்டும். நம் நாட்டில் இதற்கான ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு அளவோ வெறும் 10.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது, காற்று அடித்துக்கொண்டு போனதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. இராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஊரில் நின்று பாருங்கள்: வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு மெல்லிய நிலத்துண்டு, அதன் மேல் மதுரையிலிருந்து இராமேஸ்வரம் செல்லும் நெடுஞ்சாலை. வாடைக்காற்று அடித்தாலும் கச்சான் அடித்தாலும் அந்தச் சாலையின் புகை ஏதோ ஒரு கடலின் மேல்தான் போய் நிற்கும். போகும் வழியில் நைட்ரஜன் ஆக்சைடு வெயிலில் மாற்றமடைந்து, சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் நைட்ரிக் அமில ஆவியாகிறது. உள்நாட்டில் இந்த ஆவி நுண்ணிய துகள்களாகி நெடுந்தூரம் பயணம் செய்யக்கூடும். கடலோரக் காற்றிலோ அலை தெறித்து எழுந்த உப்புத் துகள்கள் எப்போதும் மிதக்கின்றன. அமில ஆவி அந்த உப்பின் மேல் படிந்து அதைச் சோடியம் நைட்ரேட்டாக மாற்றுகிறது. உப்புத் துகள் பருமனானது. ஆகவே நெடுந்தூரம் போகாமல், தன் எடையாலோ மழையாலோ விரைவில் கீழே இறங்கிவிடும். நம்மைக் காப்பாற்றும் என்று நாம் நம்பியிருக்கும் அதே உப்புக்காற்றுதான் நம் வண்டியின் நைட்ரஜனைப் பிடித்து, நம் கண்ணெதிரில் உள்ள கடலிலேயே இறக்கிவைக்கிறது.

நைட்ரேட் என்பது உரம். வயலுக்குப் போட்டால் பயிர் வளர்வதுபோல், கடலில் விழுந்தால் நுண்பாசி வளரும். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பவளப் பாறைகளும் கடற்புற்களும் சத்து குறைந்த, தெளிந்த நீரில் வாழப் பழகியவை. நீரில் பாசி மண்டினால் அடியில் இருக்கும் கடற்புல்லுக்கு வெளிச்சம் போய்ச் சேராது. 2019-இல் மன்னார் வளைகுடாவின் நீர் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதை இந்தக் கரையில் உள்ள பலர் பார்த்திருப்பார்கள். அது நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிரின் பெருக்கம். அதற்கு வாகனப் புகைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஊர்களின் கழிவுநீர், வயல் உரம், பருவக்காற்றில் அடியிலிருந்து மேலெழும் நீர் என்று கடலுக்குச் சத்து சேரும் வழிகள் பல. ஏற்கெனவே மிகுந்துபோன ஒன்றின் மேல் நாமும் கொட்டுகிறோம் என்பதே என் கவலை.

பவளப் பாறைகளின் நிலை இன்னும் துயரமானது. 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறியதால் மன்னார் வளைகுடாவில் அவை வெளுத்துப்போயின. அந்தச் சூட்டின் பின்னால் இருப்பது கரியமில வாயு. நைட்ரஜன் மிகுந்த நீரில் வாழும் பவளங்கள் வெப்பத்தைத் தாங்கும் வலுவை இழந்து எளிதில் வெளுக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சூடும் சத்தும் ஒரே சைலன்சரிலிருந்து போகின்றன.

கரியமில வாயுவைப் பொறுத்தவரை கணக்கு எளிது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும், பெட்ரோலுக்கு 2.3 கிலோ. மதுரையிலிருந்து இராமேஸ்வரம் வந்து திரும்ப ஏறத்தாழ 340 கிலோமீட்டர். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் தரும் சுற்றுலாப் பேருந்து 85 லிட்டர் எரித்து, ஏறக்குறைய 230 கிலோ வாயுவை விட்டுச் செல்கிறது. இதை வடிகட்டும் கருவி எந்த வண்டியிலும் இல்லை. குறைவாக எரிப்பது ஒன்றே வழி. நைட்ரஜன் குடும்பத்திலும் ஒரு பசுமை இல்ல வாயு உண்டு. நைட்ரஸ் ஆக்சைடு என்னும் அது, எடைக்கு எடை, நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. அதன் பெரும்பங்கு வயல் உரத்திலிருந்து வந்தாலும், வண்டிகளின் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிப் பெட்டியிலும், குறிப்பாக அது பழுதாகும்போதும் சூடேறாமல் இருக்கும்போதும், சிறிதளவு உருவாகிறது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தது. கனரக டீசல் இன்ஜின் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்றிருந்த வரம்பு 0.46 கிராமாகச் சுருங்கியது. டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 ஆனது. உண்மையிலேயே பெரிய முன்னேற்றம் இது. இதைச் சாத்தியமாக்கியவை இரண்டு. ஒன்று, எரிந்த புகையில் ஒரு பங்கை மீண்டும் சிலிண்டருக்குள் விட்டுச் சூட்டைக் குறைக்கும் இ.ஜி.ஆர். வால்வு. மற்றொன்று, ஓட்டுநர்கள் 'யூரியா' என்று சொல்லும் டெஃப் திரவத்தைப் புகைக்குழாயில் பீய்ச்சும் எஸ்.சி.ஆர். அமைப்பு. அந்த யூரியா சூட்டில் அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடோடு வினைபுரிந்து, அதை மீண்டும் சாதுவான நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது.

இந்த இரண்டையும் முடக்கச் சொல்லித்தான் என் பட்டறைக்கு அதிகமாகக் கேட்டு வருகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு மீன் வண்டி ஓட்டுநர் வந்து, "அண்ணே, இ.ஜி.ஆர்.ல ஒரு தகட்டை வச்சு அடைச்சு விட்டிருங்க, வண்டி இழுக்க மாட்டேங்குது" என்றார். கழற்றிப் பார்த்தபோது வால்வு கரியால் அடைத்துக் கிடந்தது. அதற்குக் காரணம் வால்வு அல்ல. காற்று வடிகட்டி உப்பும் மணலும் ஏறி அடைந்து, இன்ஜினுக்குப் போதிய காற்றில்லாமல் கரி பெருகியிருந்தது. வால்வைச் சுத்தம் செய்து வடிகட்டியை மாற்றியதும் வண்டி பழையபடி இழுத்தது. கடற்கரையில் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன இடைவெளிக்கு முன்பே வடிகட்டியைப் பார்க்க வேண்டும் என்பதை அவரிடம் சொன்னேன். தகடு வைப்பது ஒரு மணி நேர வேலை. பழுதின் காரணத்தைத் தேடுவது அரை நாள் வேலை. இந்த அரை நாளைக் கொடுக்க மெக்கானிக்கும் முதலாளியும் மனம்வைத்தால் பெரும்பாலான தகடுகளுக்குத் தேவையே இருக்காது.

டெஃப் விஷயத்தில் நடப்பது இன்னும் கவலைக்குரியது. நூறு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் செலவாகும் இந்தத் திரவம், சுத்திகரித்த நீரில் 32.5 விழுக்காடு தூய யூரியா கரைந்தது. மிளகாய்க் கொல்லைக்கு வாங்கிய மூட்டையிலிருந்து யூரியாவை அள்ளிக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வயலுக்கான யூரியாவின் மேல் வேப்பெண்ணெய் பூசப்பட்டிருக்கிறது. நம் ஊர்த் தண்ணீரிலோ உப்பு. இரண்டும் சேர்ந்து பீய்ச்சும் நாசிலை அடைத்து, வினையூக்கியைக் கெடுத்துவிடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் லட்சத்தை நெருங்கும் செலவு வரும். வேறு சிலர், டெஃப் இல்லாமலேயே எல்லாம் சரியாக இருப்பதாக வண்டியின் கணினிக்குப் பொய் சொல்லும் சிறு பெட்டியை மாட்டிக்கொள்கிறார்கள். அத்தகைய லாரி, விதிப்படி ஓடும் ஏழெட்டு லாரிகளின் நைட்ரஜன் ஆக்சைடைத் தான் ஒன்றே விடக்கூடும். என் சோதனையில் அதுவும் தேறிவிடும். சான்றுச் சோதனையில் இந்த வாயுவையும் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்பதற்கு இதுவே காரணம்.

ஒழுங்கான வண்டியாக இருந்தாலும் நிற்கும்போது நிலைமை வேறு. தை அமாவாசையிலும் ஆடி அமாவாசையிலும் இராமேஸ்வரத்தின் வண்டி நிறுத்துமிடங்களில், அக்னி தீர்த்தத்துக்குப் போனவர்கள் திரும்பும் வரை ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் பேருந்துகளைக் காணலாம். ஒரு பெரிய இன்ஜின் நின்ற நிலையில் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும். அதைவிட முக்கியமானது, புகைக்குழாய் ஏறத்தாழ 200 டிகிரிக்குக் குறைவாக ஆறிவிட்டால் எஸ்.சி.ஆர். யூரியாவைப் பீய்ச்சாது என்பது. அதாவது விலையுயர்ந்த பி.எஸ். 6 பேருந்தும் நெடுநேரம் நின்று உறுமும்போது தன் நைட்ரஜன் ஆக்சைடைச் சுத்திகரிக்காமலேயே விடுகிறது.

பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் மூடப்பட்டு, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்படும் வரை தீவுக்குச் செல்வோர் அனைவரும் சாலைப் பாலத்தின் வழியாகவே போக வேண்டியிருந்தது. இப்போது ரயில் திரும்பிவிட்டது. குடும்பத்தோடு வருவோர் மண்டபம் கடந்து ரயிலிலேயே போவது, நான் பட்டறையில் செய்யக்கூடிய எந்தப் பழுதுபார்ப்பையும்விடப் பயன் தரும். விசைப்படகுகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்; அவற்றின் இன்ஜின்களில் இந்தச் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது அடியில் ஒட்டிய கொட்டலசு என்னும் ஓட்டுயிரிகளைச் சுரண்டி, படகைத் தள்ளும் காற்றாடியை (புரொப்பல்லரை) நேர்செய்தாலே டீசல் கணிசமாகக் குறைகிறது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கடந்த சில மாதங்களாக, சான்றின் பின்புறத்தில் நான் கையால் நான்கு வரிகள் எழுதிக் கொடுக்கிறேன்: இ.ஜி.ஆர். வேலை செய்கிறதா, டெஃப் தரமானதா, காற்று வடிகட்டியின் நிலை என்ன, டயரில் காற்று சரியாக இருக்கிறதா. சட்டம் அதைக் கேட்பதில்லை; அதற்கு நான் கட்டணமும் வாங்குவதில்லை. போன வாரம் தேவிபட்டினத்திலிருந்து வந்த ஒரு வேன் ஓட்டுநர், மடித்து வைத்திருந்த பழைய சான்றை எடுத்து, முன்பக்கத்தைத் திறக்காமலே பின்பக்கத்தைக் காட்டி, "இதுல மூணு சரியாயிருச்சுண்ணே, வடிகட்டி மட்டும் பாக்கி, இன்னைக்கே மாத்திருவோம்" என்றார்.