சின்ன வயதிலிருந்தே ஒழுகும் காது

சென்ற மாதம் 19 வயது இளைஞர் ஒருவரை அவருடைய தாய் எங்கள் காது, மூக்கு, தொண்டைப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வந்தார். இரண்டு நாட்களாக வலக்கண்ணை முழுவதும் மூட முடியவில்லை, தண்ணீர் குடித்தால் வாயின் வலது ஓரத்தில் வழிகிறது, சிரித்தால் முகம் இடப்பக்கம் இழுத்துக்கொள்கிறது என்றார்கள். பக்கவாதமோ என்று பயந்து முதலில் ஒரு பொதுமருத்துவரிடம் சென்றிருக்கிறார்கள். வலக்காதிலிருந்து வந்த நாற்றத்தைக் கவனித்து அவர்தான் எங்களிடம் அனுப்பியிருந்தார். காதில் எத்தனை நாளாகத் தொந்தரவு என்று கேட்டேன். “அது ஒண்ணும் இல்லைங்க டாக்டர், சின்ன வயசுலேர்ந்தே ஒழுகும், வலியெல்லாம் கிடையாது” என்று, அந்தக் கேள்வியே தேவையற்றது என்பதுபோல் தாய் பதில் சொன்னார்.

நுண்ணோக்கி வைத்துப் பார்த்தபோது செவிப்பறையின் மேற்பகுதியில் ஒரு பள்ளமும், அதற்குள் வெண்மையான செதில்களும், அவற்றைச் சுற்றி அரிக்கப்பட்ட எலும்பும் தெரிந்தன. முகத் தசைகளை இயக்கும் நரம்பு நடுக்காதின் வழியாக, முட்டையோடு போன்ற மெல்லிய எலும்புக் குழாய்க்குள் செல்கிறது. அந்தக் குழாயின் சுவரை நோய் தின்றுவிட்டது. பதின்மூன்று ஆண்டுகளாக ஒழுகிய காதை அதுவரை எந்த மருத்துவரும் நுண்ணோக்கியில் பார்த்திருக்கவில்லை.

‘சின்ன வயதிலிருந்தே ஒழுகும், வலி இல்லை’ என்ற இந்த வாசகத்தை என் பணிக்காலத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அது ஆறுதலான செய்தியைப் போலவே சொல்லப்படுகிறது. கண்ணிலிருந்து பத்து நாள் சீழ் வடிந்தால் எந்தக் குடும்பமும் சும்மா இருக்காது. காதிலிருந்து பத்து வருடம் வடிந்தாலும் பஞ்சை வைத்து அடைத்துவிட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஆகவே வலியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சளி பிடித்த குழந்தை நள்ளிரவில் காதைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பல பெற்றோர் பார்த்திருப்பார்கள். நடுக்காதில் சீழ் சேர்ந்து, வெளியேற வழியில்லாமல் செவிப்பறையைப் பிதுக்குவதால் வரும் வலி அது. அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழிந்து சீழ் வெளியே வந்தவுடன் வலி நின்றுவிடும், குழந்தை உறங்கிவிடும். இப்படி ஏற்படும் கிழிசல் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். மூடாமல் நிலைத்துவிட்ட ஓட்டையின் வழியே, ஒவ்வொரு சளிக்கும் ஒவ்வொரு குளியலுக்கும் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். வடிய வழி இருப்பதால் அழுத்தம் ஏறாது, அழுத்தம் ஏறாததால் வலிக்காது. ஆகவே ஒழுகும் காதில் வலி இல்லை என்பது, அங்கே ஓட்டை இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. எலும்பை அரிக்கும் வகை நோயும் ஆண்டுக்கணக்கில் வலியில்லாமல்தான் வேலை செய்யும். சொல்லப்போனால், பல வருடம் வலியின்றி ஒழுகிய காதில் திடீரென வலி தொடங்கினாலோ, ஒழுகல் சட்டென்று நின்று காய்ச்சலும் தலைவலியும் வந்தாலோதான் எங்களுக்கு அச்சம் அதிகம். சீழ் உள்நோக்கித் திரும்பியிருக்கக்கூடும்.

இன்னொரு நம்பிக்கையும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது: தலையில் கோத்த கெட்ட நீர் காது வழியாக வெளியேறுகிறது, அதை நிறுத்தினால் உள்ளே தங்கிவிடும் என்பது. நாள்பட்டு வடியும் சீழ் நடுக்காதிலும் அதன் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பின் அறைகளிலும் உள்ள நோயால் அங்கேயே உற்பத்தியாவது. அதை வடியவிடுவதால் எந்த உறுப்பும் சுத்தமாவதில்லை.

ஒழுகும் காதுகளை நாங்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறோம். முதல் வகையில் செவிப்பறையின் நடுப்பகுதியில் ஓட்டை இருக்கும், சளி பிடிக்கும்போது நிறைய, வழவழப்பாக, அதிக நாற்றமின்றி ஒழுகும், இடையில் காய்ந்துவிடும். மருத்துவ மாணவர்களுக்கு இதைப் பாதுகாப்பான வகை என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். அந்தச் சொல் எனக்கு உவப்பானதில்லை, ஏனெனில் கேட்கும் திறன் இதிலும் குறைகிறது, ஆபத்தான பின்விளைவுகளும் அபூர்வமாக வரவே செய்கின்றன. இரண்டாவது வகையில் ஒழுகல் மிகக் குறைவு; தலையணையில் சிறு கறை, அவ்வளவுதான். ஆனால் எலி செத்ததுபோல நாற்றம் இருக்கும், சில சமயம் இரத்தமும் கலந்திருக்கும். கொஞ்சமாகத்தானே ஒழுகுகிறது என்று எந்தக் காதைக் குடும்பம் ஒதுக்குகிறதோ, அதுவே பெரும்பாலும் அவசரமாகப் பார்க்க வேண்டிய காது.

இந்த இரண்டாவது நோயின் பெயர் கொலஸ்டியடோமா. 1838இல் ஜெர்மன் மருத்துவ அறிஞர் யோகன்னஸ் முல்லர் வைத்த பெயர். பெயரைக் கேட்டதும் இரத்தத்தில் கொழுப்பு அதிகமா என்று கேட்காதவர்கள் குறைவு. கொழுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது புற்றுநோயும் இல்லை. இருக்கக் கூடாத இடத்தில், அதாவது நடுக்காதுக்குள், தோல் வளர்வதே இந்த நோய். தோல் செதில்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். அவை வெளியேற முடியாமல் பை போலப் பெருத்து, சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கும். முதலில் கேட்க உதவும் சிற்றெலும்புகள் போகும். பிறகு முகநரம்பு, சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய், மூளைக்கும் காதுக்கும் இடையிலுள்ள தட்டு என்று அது எந்தத் திசையில் வளர்கிறதோ அந்தத் திசையில் சேதம் நேரும். மூளையுறை அழற்சியுடனும் மூளைச் சீழ்க்கட்டியுடனும் வந்த நோயாளிகளுக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன். அவர்களுடைய குடும்பத்தாரும் வலி இல்லை என்றுதான் சொன்னார்கள். சொட்டு மருந்தால் நாற்றத்தைக் குறைக்கலாம், இந்தத் தோலை அகற்ற முடியாது. அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

அறுவை சிகிச்சை என்றதும் வரும் முதல் கேள்வி, வாய் கோணிவிடாதா என்பது. யாரோ ஒருவருக்குக் காது ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி ஆனதாக ஊரில் ஒரு கதை எப்போதும் இருக்கும். முகநரம்புக்கு அருகில் வேலை செய்வதால் அந்த ஆபத்து அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சி பெற்ற கைகளில் அது மிக அரிது. ஆனால் நரம்பை நோய் ஏற்கெனவே தின்ற பிறகு, முகம் கோணிய நிலையில் மேசைக்கு வருபவர்களையும் ஊர் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறது. அந்த இளைஞரின் வீட்டிலும் முன்பு ஒரு மருத்துவர், நுண்ணோக்கி இல்லாமலே காதைப் பார்த்து, அறுவை சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வாய் கோணிவிடும் என்று பயந்தே அவர்கள் அதைச் செய்துகொள்ளவில்லை.

ஓட்டை மட்டும் உள்ள காதுக்குச் செய்வது டிம்பனோபிளாஸ்டி, அதாவது செவிப்பறையைச் சீரமைக்கும் அறுவை. 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், ட்சோல்னர் ஆகிய மருத்துவர்கள் இதற்கு அடித்தளமிட்டார்கள். எனவே இது சோதனை முயற்சி அன்று. செவிப்பறை ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனும் கொண்டது. பிளாஸ்டிக் ஜவ்வா வைப்பீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். காதுக்கு மேலே உள்ள தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்தோ, காது மடலின் முன்னுள்ள குருத்தெலும்பிலிருந்தோ உங்கள் சொந்தத் திசுவையே எடுத்து, ஓட்டையின் உட்புறமாகப் பரப்பி வைக்கிறோம். அதன்மேல் உங்கள் செவிப்பறையே வளர்ந்து மூடிக்கொள்கிறது. ஏறத்தாழ பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஓட்டை முழுமையாக மூடுகிறது. மற்றவர்களுக்கு மறுமுறை செய்ய வேண்டியிருக்கலாம். புகைபிடிப்பவர்களுக்கும், தீராத மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும் ஒட்டு நிற்பது கடினம் என்பதால், காதைத் தொடுமுன் மூக்கைச் சரிசெய்யச் சொன்னால் தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கொலஸ்டியடோமா உள்ள காதில் மாஸ்டாய்டு எலும்பைத் துளையிட்டு நோயை வேரோடு எடுக்க வேண்டும். அங்கே எங்கள் முதல் நோக்கம் உயிருக்கும் நரம்புக்கும் பாதுகாப்பு. கேட்கும் திறன் அதற்கு அடுத்ததுதான். சிற்றெலும்புகள் கரைந்திருந்தால் மாற்று எலும்பை அன்றே வைப்பதும் உண்டு, சில மாதம் கழித்து நோய் திரும்பவில்லை என்று உறுதிசெய்த பின் வைப்பதும் உண்டு. நாட்பட்ட சீழ் உட்காதையும் பாதித்திருந்தால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் இழந்தது முழுவதும் திரும்பாது. அதனால்தான் அறுவைக்கு முன் எடுக்கும் கேட்கும் திறன் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது என்கிறோம். எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை அதுதான் சொல்லும். திருமணம் முடியட்டும், படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் காதை மறைத்து வைக்கிறவர்கள், இதை நினைவில் கொள்ள வேண்டும். பொருளாதாரம் தடை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

வீட்டில் செய்யக் கூடாதவற்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பூண்டு காய்ச்சிய எண்ணெய், வெங்காயச் சாறு, தாய்ப்பால், எதையும் காதில் ஊற்றாதீர்கள். ஓட்டையுள்ள காதில் எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் இறங்குகிறது; சூடாக இருந்தால் தலை சுற்றும், ஈரம் தங்கினால் பூஞ்சை வளரும். நனைந்த செய்தித்தாள் போலிருக்கும் அந்தப் பூஞ்சையை மழைக்காலம் முழுவதும் உறிஞ்சி எடுப்பதே எங்கள் வேலையாகிவிடுகிறது. ஊக்கு, கோழி இறகு, பட்ஸ் எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்தவை ஓட்டையுள்ள காதில் உட்காதைக் கெடுக்கக்கூடியவை. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். கிணற்றிலும் குளத்திலும் மூழ்கிக் குளிப்பதை, ஓட்டை மூடும்வரை விட்டுவிடுங்கள். கைக்குழந்தைக்குப் படுத்த நிலையில் புட்டிப்பால் கொடுக்காதீர்கள், தலையை உயர்த்திக் கொடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. யாரையும் கன்னத்தில் அறையாதீர்கள். உள்ளங்கை காதை மூடியபடி விழும்போது, அழுத்தப்பட்ட காற்றே செவிப்பறையைக் கிழித்துவிடும். இப்படி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இடது காதில்தான் கிழிசல் இருக்கும், ஏனெனில் எதிரே நிற்பவர் வலக்கையால் அடிக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும் பெண்களின் இடது காதைப் பார்க்கும்போது, அவர்களுடன் வந்தவரைச் சற்று நேரம் வெளியே அமரச் சொல்லிவிட்டுப் பேசுகிறேன். மாணவரை அடிப்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதை ஆசிரியர்களும் நினைவில் கொள்ளட்டும். இந்தக் கிழிசல்களில் பெரும்பாலானவை காதை உலர்வாக வைத்திருந்தாலே சில வாரங்களில் மூடிக்கொள்ளும். மூன்று மாதமாகியும் மூடாதவற்றுக்கே அறுவை தேவைப்படும். ஆனால் முதல் நாளே எண்ணெய் ஊற்றி, ஆறியிருக்க வேண்டிய கிழிசலைச் சீழ்பிடிக்கச் செய்துவிட்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அறுவைக்குப் பிறகு சில வாரங்களுக்கு மூக்கை வலுவாகச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பளு தூக்கக் கூடாது, மருத்துவர் அனுமதிக்கும்வரை விமானப் பயணம் கூடாது. நாவின் ஒரு பக்கம் சில மாதங்கள் உலோகச் சுவை தெரியலாம். சுவை நரம்பின் கிளை ஒன்று செவிப்பறையை ஒட்டிச் செல்வதுதான் காரணம்.

அந்த இளைஞருக்கு இரண்டாம் நாளே அறுவை செய்தோம். கேட்க உதவும் சிற்றெலும்புகளில் பட்டடை எலும்பு முழுவதும் கரைந்திருந்தது. அங்கவடி எலும்பில் அடித்தட்டு மட்டுமே எஞ்சியிருந்தது. முகநரம்பு சில மில்லிமீட்டர் நீளத்துக்கு உறையின்றி வீங்கிக் கிடந்தது, அறுபடவில்லை. கண் மூடாததால் கருவிழி காயாமலிருக்கச் சொட்டு மருந்தும், இரவில் இமையை ஒட்டிவைக்கப் பிளாஸ்திரியும் கொடுத்திருக்கிறோம். முக அசைவு திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். அவருடைய காதுக்குழாயின் பின்சுவரை எடுத்துவிட்டதால், அந்தக் குழியை வாழ்நாள் முழுவதும் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இதே நிலையிலுள்ள என் நோயாளிகளில் பலர் முதல் வருடத்தோடு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே அடுத்த தேதியை அவருடைய அட்டையில் எழுதி, வலி இல்லாவிட்டாலும் வர வேண்டும் என்று அதன் கீழே கோடிட்டுக் கொடுத்தேன். தாயிடம் அதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கவும் சொன்னேன்.