டிக்கெட் போட்டாச்சு சார்

போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். சளிப் பரிசோதனை முடிவு கைக்கு வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த தம்பிக்கு இருபத்தாறு வயது, ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளி. "டி.பி.தான். ஆனா மருந்துக்குக் கேட்கிற வகை, குணமாகிடும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செல்போனைத் திருப்பிக் காட்டினார். அன்றிரவு ஒன்பது மணிக்கு ஆம்னி பஸ். ஏசி ஸ்லீப்பர், கீழ் பெர்த்.

"டிக்கெட் போட்டாச்சு சார். மாஸ்க் போட்டுக்கிட்டுப் போயிடறேன். மாத்திரையை அங்க ஜி.ஹெச்.ல வாங்கிக்கிறேன்."

பக்கத்தில் அவர் அம்மா. "நானும் கூடப் போறேன் சார். ஒரு வாரம் இருந்து கஞ்சி வச்சுக் குடுத்துட்டு வந்துடறேன். நீங்க சீட்டுல மட்டும் அந்தப் பேரை எழுதிடாதீங்க."

(அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நெஞ்சு நோய் மருத்துவர் என்பதால் இந்தப் பேச்சு எனக்குப் பழகிப்போனது. வண்டிதான் மாறும். ஒருவருக்கு துபாய் விமானம், இன்னொருவருக்கு மாமன் மகள் கல்யாணத்துக்குப் போகும் வேன். போகக்கூடாது என்றால் முதலில் கோபம் வரும், அடுத்து அழுகை வரும், கடைசியில் "யாருக்குத் தெரியப்போகுது சார்?" என்ற கேள்வி வரும்.

அந்த பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடி திறக்காது. முப்பது பேர் பத்து மணி நேரத்துக்கு மேல் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். காசநோய்க் கிருமி அப்படிப்பட்ட இடத்துக்காகவே படைக்கப்பட்டதுபோல. இருமும்போது வெளியே வரும் மிக நுண்ணிய துளிகள் கீழே விழாமல் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். விமானத்தில் ஒருவருக்குத் தொற்றும் காசநோய் இருந்தது தெரியவந்தால், பயணம் 8 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால், அதே வரிசையிலும் முன்னும் பின்னும் இரண்டிரண்டு வரிசைகளிலும் இருந்தவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இத்தனைக்கும் பெரிய விமானங்களில் காற்றை வடிகட்டித்தான் சுற்றவிடுகிறார்கள். நம் ஆம்னி பஸ்ஸின் ஏசி வடிகட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கிளீனரைத்தான் கேட்க வேண்டும். மாஸ்க்? நோயாளி போட்டுக்கொண்டால் நிச்சயம் நல்லது. ஆனால் பத்து மணி நேரம் தூக்கத்திலும் மாஸ்க்கோடு இருந்தவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு பழைய சொந்தம் இருக்கிறது. 1883-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சட்டப் புத்தகங்களில் அதற்குக் கிருஷ்ணப்பா வழக்கு என்று பெயர். தனக்குக் காலரா என்று தெரிந்தே ஒருவர் ரயில்வே ஊழியர்களிடம் சொல்லாமல் ரயில் ஏறினார். அவர் நிலைமை தெரிந்த இன்னொருவர் அவருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்துக் கூடவே போனார். ஏறியவர் மீது நோய் பரப்பும் கவனக்குறைவான செயல் என்ற குற்றம். கூடப் போனவர் மீது அதற்கு உடந்தை என்ற குற்றம். காலராக் கிருமியை ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் தேடிக்கொண்டிருந்த காலம் அது. கிருமி இன்னதென்று உறுதியாகும் முன்பே, அது மற்றவர்களுக்குத் தொற்றும் என்ற அளவில் நீதிமன்றத்துக்குத் தெளிவு இருந்திருக்கிறது.

அந்த அம்மாவிடம் இந்தக் கதையைத்தான் சொன்னேன். "பெத்த பிள்ளைக்குக் கஞ்சி வைக்கிறதும் குத்தமா?" என்று கேட்டார். கஞ்சி வைப்பது குற்றமில்லை, தெரிந்தே பஸ்ஸில் ஏற்றிவிடுவதில்தான் சிக்கல் என்றேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அந்தப் பழைய பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 271 ஆகிவிட்டது. உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடிய செயலைக் கவனக்குறைவாகச் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கெட்ட எண்ணத்தோடு செய்தால் பிரிவு 272, இரண்டு ஆண்டு வரை. தனிமைப்படுத்தல் விதியை மீறினால் 273. இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த பஸ்ஸில் யாருக்காவது உண்மையிலேயே தொற்றியது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, பரவ வாய்ப்புள்ள செயல் என்றாலே போதும். "தெரிந்து" என்பதோடு "நம்பக் காரணம் இருந்தும்" என்ற சொல்லும் பிரிவிலேயே இருக்கிறது. அதனால் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு, "டாக்டரைப் பார்த்தால்தானே தெரியும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ரயில் ஏறுகிறவரும் "தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ரயில் என்றால் தனிச்சட்டமும் உண்டு. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 56-ஆவது பிரிவின்படி, விதிகளில் குறிப்பிட்டுள்ள தொற்றுநோய் உள்ளவர் அதற்கென அதிகாரம் பெற்ற ஊழியரின் அனுமதியில்லாமல் பெட்டியில் ஏறக்கூடாது. அனுமதி கொடுத்தால் மற்றவர்களிடமிருந்து பிரித்து உட்காரவைக்க ஏற்பாடு செய்வது அந்த ஊழியரின் வேலை. மீறினால் டிக்கெட் பறிபோகும், கூட வந்தவரையும் சேர்த்து இறக்கிவிடலாம். அதே ரயில்வேதான் சிகிச்சைக்குப் போகும் காசநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை தருகிறது. முரண்பாடுபோலத் தெரியும், ஆனால் இல்லை. நோயாளி பயணமே செய்யக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எப்போது, எதில், யாரிடம் சொல்லிவிட்டு என்பதுதான் கேள்வி. அந்தச் சலுகை இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், முதல் வகுப்புக்கு மட்டும்தான், ஏசிக்குக் கிடையாது. எந்தக் கணக்கில் அப்படி வைத்தார்களோ, ஜன்னல் திறக்கும் பெட்டி என்பதால் எனக்கு அதில் திருப்திதான்.

2007-இல் அமெரிக்காவில் நடந்ததை எங்கள் துறையில் யாரும் மறக்க மாட்டார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் இருந்த அட்லாண்டா வழக்கறிஞர் ஒருவர் கல்யாணத்துக்காக ஐரோப்பா பறந்தார். திரும்பி விமானத்தில் வரவேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லியும், பிராகிலிருந்து கனடாவின் மான்ட்ரியாலுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து காரில் அமெரிக்காவுக்குள் நுழைந்தார். 1963-க்குப் பிறகு முதல் முறையாக ஒரு தனிமனிதர் மீது அந்த நாட்டு அரசு தனிமைப்படுத்தும் ஆணை பிறப்பித்தது. அதில் என்னை உறுத்திய இடம் வேறு. முதலில் கிளம்பும்போது "போகக்கூடாது" என்று யாரும் கண்டிப்பாகச் சொல்லவில்லை, "போகாமல் இருந்தால் நல்லது" என்றுதான் சொன்னார்கள் என்பது அவர் வாதம்.

அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன், சளியில் கிருமி இருந்த ஒரு பெரியவரிடம் "கொஞ்ச நாள் ஜாக்கிரதையா இருந்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பிரசாதப் பொட்டலத்தோடு வந்தார். காசிக்குச் சுற்றுலாப் பேருந்தில் போய் வந்தாராம். "நீங்க சொன்ன மாதிரி ஜாக்கிரதையா கடைசி சீட்லதான் சார் உட்கார்ந்தேன்" என்றார், பெருமையாக. அந்தப் பேருந்தில் யாருக்காவது ஒட்டியதா? கிருமி உள்ளே போய் வருடக்கணக்கில் தூங்கிவிட்டுக்கூட எழும் நோய் இது. அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

அன்றிலிருந்து மருந்துச் சீட்டிலேயே தேதி போட்டு எழுதிவிடுகிறேன்: "இன்ன தேதி வரை பஸ், ரயில், விமானப் பயணம் கூடாது." கீழே கையெழுத்து. சாதாரணக் காசநோய்க்குச் சரியான மருந்தை விடாமல் சாப்பிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத வகைக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே சளிப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி.க்கு இதெல்லாம் எதுவுமே பொருந்தாது. அது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் பரவும் நோயல்ல.

அப்புறம், அம்மை. நம் பாட்டிமார் இதில் சட்டத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகினால் தெருவுக்கே அறிவிப்பு. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை படி தாண்டக்கூடாது. கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை சின்னம்மை தொற்றும் என்கிறது மருத்துவம். அந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நாளில் வந்து நிற்பதைப் பார்த்து வியந்திருக்கிறேன். இப்போது வாசலில் வேப்பிலையும் இல்லை, முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள். சின்னம்மை உயிருக்கு ஆபத்தான நோய்தானா என்று கோர்ட்டில் வாதாடலாம். எதிர் பெர்த்தில் இருப்பவர் கர்ப்பிணியாகவோ, புற்றுநோய்ச் சிகிச்சை எடுக்கும் குழந்தையாகவோ இருந்தால் எனக்கு அந்த வாதம் காதில் ஏறாது. தட்டம்மை இன்னும் மோசம். நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி அந்தக் காற்றில் இருக்கலாம்.

அந்த அம்மா கேட்டதற்கு வருகிறேன். நோயின் பெயரை எழுதாமல் இருக்க முடியுமா? காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம், அதில் எனக்கு வேறு வழியில்லை. ஆனால் கம்பெனிக்குக் கொடுக்கும் கடிதத்தில் பெயர் தேவையில்லை. "மருத்துவக் காரணங்களால் இந்தத் தேதி வரை பயணம் செய்யவோ வேலைக்கு வரவோ இயலாது" என்று எழுதிக் கொடுத்தேன். தம்பி அதை இரண்டு முறை படித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து டிக்கெட்டை ரத்து செய்தார். கடைசி நேரம் என்பதால் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

மறுநாள் ஒப்பந்தக்காரர் எனக்கே போன் போட்டார். என்ன வியாதி என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். "அப்ப பெரிய வியாதிதான்" என்று வைத்துவிட்டார்.

நாலாவது வாரம் தம்பி நாகர்கோவில்–பெங்களூரு ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியில் ஓசூர் போனார். அவர் இடத்தில் வேறு ஆள் நின்றிருந்தார். பத்து நாள் அலைந்து வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். அங்கே உடம்பைப் பற்றி ஏதாவது சொன்னாயா என்று போனில் கேட்டேன். "இல்ல சார்" என்றார். தொற்றும் காலம் முடிந்திருந்தது, சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே என்றேன்.