கனடாவில பேஸ்மென்ட்ல குடியிருக்கிற நம்ம பிள்ளைகள் ரேடன் டெஸ்ட் ஒண்டு கட்டாயம் செய்யணும்

மட்டக்களப்பில நெஞ்சு நோய் கிளினிக் பார்க்கிற டொக்டர் நான். "சிகரட்டைக் கையாலயும் தொட்டதில்ல டொக்டர், எனக்கு ஏன் இது வந்த?" எண்டு நுரையீரல் கென்சர் வந்தவங்க கேக்கிறதை அடிக்கடி கேட்டிருக்கன். இன்னதாலதான் வந்த எண்டு ஒவ்வொருத்தருக்கும் உறுதியாச் சொல்ல ஏலாது. ஆனா பல நாடுகள்ல சிகரட்டுக்கு அடுத்த பெரிய காரணம் ரேடன் எண்ட வாயுதான் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நம்ம ஆக்கள் கனபேர் அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்ல.

மண்ணிலயும் கல்லிலயும் இருக்கிற யுரேனியம் மெல்ல மெல்ல சிதைஞ்சு வரக்குள்ள உண்டாகிற கதிரியக்க வாயு இது. நிறமில்ல, மணமில்ல, இருமலோ தலையிடியோ தந்து முன்கூட்டி அறிவிக்கிறதுமில்ல. வெளியில வந்தா காத்தோட கலந்து ஐதாப் போயிரும். வீட்டுக்குள்ள மாட்டினாத்தான் பிரச்சினை, மூச்சோட உள்ள போய் அதில இருந்து வாற துகள்கள் நுரையீரல்ல ஒட்டி கதிர் விட்டுக்கொண்டே இருக்கும், வருசக்கணக்கில இது நடந்தா கென்சர் வர வாய்ப்புக் கூடும்.

கல்லடியில, கல்முனையில நம்ம வீடுகள் யன்னல் திறந்து, ஓட்டு இடுக்கால காத்து வந்து போற வீடுகள், அதால இங்க எனக்குப் பெரிய கவலை குசினி விறகுப் புகையும், பூட்டின அறைக்குள்ள எரியிற நுளம்புத்திரியும்தான். (ஏசி போட்டு எந்நேரமும் யன்னலைப் பூட்டி வைக்கிறவங்க காலையில கொஞ்ச நேரமாவது திறந்து விடுங்க.)

கனடாவில இருக்கிற நம்ம பிள்ளைகளின்ட கதை வேற. வாடகை குறைவு எண்டு பேஸ்மென்ட்ல, அதாவது நிலத்துக்குக் கீழ இருக்கிற அறையில குடும்பமா இருக்கிறாங்க. குளிர் காலத்தில யன்னல் எல்லாம் பூட்டு, ஹீட்டர் ஓடுது, சூடான காத்து மேல எழும்ப எழும்ப கீழ மண்ணுக்குள்ள இருக்கிற காத்தை சீமெந்து வெடிப்பாலயும் பைப் ஓட்டையாலயும் வீடு உள்ள இழுக்கும். பக்கத்து வீட்டில குறைவு எண்டு நம்பி இருக்கவும் ஏலாது, அடுத்தடுத்த வீட்டிலயே அளவு மாறும். புது வீடு எண்டாலும் அப்படித்தான்.

அளந்து பார்க்கிறதைத் தவிர வேற வழியே இல்ல. ரேடன் டெஸ்ட் கிட் எண்டு விக்கிறது கையில அடங்கிற சின்ன பிளாஸ்டிக் பெட்டிதான். குடும்பம் புழங்கிற ஆகக் கீழ்த்தட்டில, படுக்கிற அறையில, மூச்சு விடுற உயரத்தில குறைஞ்சது 3 மாசம் வைக்கணும், குளிர் காலம்தான் நல்லம். குசினியிலயும் பாத்ரூமிலயும் வைக்க வேணாம். கனடாவின்ட எல்லை ஒரு கனமீட்டர் காத்துக்கு 200 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கிற அலகு), உலக சுகாதார நிறுவனம் 100க்குள்ள இருந்தா நல்லம் எண்டு சொல்லுது. 200ஐத் தாண்டினா பயந்து வீட்டை விட்டு ஓடத் தேவையில்ல, நிலத்தில துளை போட்டு பைப் இறக்கி, ஃபேன் வைச்சு அந்தக் காத்தை வெளியில தள்ளுவாங்க, அளவு நல்லாக் குறைஞ்சிரும். வெடிப்பை மட்டும் பூசி விட்டா பெரும்பாலும் போதாது. வாடகை வீடு எண்டா ரிசல்ட்டை வீட்டுக்காரருக்கு எழுத்தில குடுங்க.

வீட்டில சிகரட் குடிக்கிற ஆள் இருந்தா இன்னும் அவசரம், ரெண்டும் சேர்ந்தா ஆபத்து பல மடங்கு. இங்க இருக்கிற அம்மா அப்பாமார் அடுத்த தரம் வட்ஸ்அப்ல கதைக்கக்குள்ள "சாப்பிட்டியா மகன்" எண்டு கேட்ட கையோட இதையும் கேளுங்க. கிட் வைச்ச திகதியைக் குறிச்சு வைக்கச் சொல்லுங்க, 3 மாசம் முடிஞ்சதும் லேபுக்கு அனுப்பினாத்தான் ரிசல்ட் வரும்.