தாது எடுத்தபின் மிஞ்சும் சேறு

சுரங்கம் என்றால் வெடியையும் மண்சரிவையும் நினைத்துப் பயப்படுகிறோம். ஓரமாகத் தேங்கிக் கிடக்கும் கழிவுச் சேற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

செம்பையே பாருங்கள். பெரிய திறந்தவெளிச் சுரங்கங்கள் பலவற்றில் தாதுவில் செம்பு அரை சதவீதம்தான் இருக்கும். டன்னுக்கு 5 கிலோ. அதைப் பிரிக்கக் கல்லை நொறுக்கி, எஃகு உருண்டைகள் உருளும் அரவை உருளையில் தண்ணீர் விட்டு மாவாக அரைக்கிறார்கள். அடுத்தது மிதவைத் தொட்டி. சுண்ணாம்பால் தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 10, 11க்கு ஏற்றி, சாந்தேட் என்ற ரசாயனம் சேர்ப்பார்கள். அது செம்புத் தாதுத் துகளில் படிந்து, தண்ணீர் ஒட்டாமல் செய்துவிடும். துகள் காற்றுக்குமிழியைப் பற்றிக்கொண்டு நுரையோடு மேலே வரும். சுண்ணாம்பு குறைந்தால் இரும்பும் கந்தகமும் சேர்ந்த, வேண்டாத பைரைட் தாதுவும் கூடவே ஏறி, சரக்கின் தரத்தைக் கெடுக்கும். உருக்காலைக்குப் போவது வழித்தெடுத்த நுரை மட்டுமே. டன்னுக்கு 980 கிலோ அளவுக்கு ஈர மாவு மிஞ்சிவிடும்.

அதைத் தேக்க அணை வேண்டும். செலவு குறைந்த வழி, ஏற்கெனவே கொட்டிய சேற்றின் மேலேயே அடுத்த கரையைப் போட்டு உள்பக்கமாக உயர்த்திக்கொண்டே போவது. கரைக்கு அஸ்திவாரமே சேறுதான்! சேற்றில் உள்ள மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்வரை பிரச்சினை இல்லை. இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்து, அந்தப் பிடி நழுவினால் பாரம் முழுக்கத் தண்ணீர் மேல் விழும். கெட்டியாக நின்றது கஞ்சியாக ஓடும்.

பிரேசிலில் புருமாடின்யோ இரும்புச் சுரங்கத்தில் 2019 ஜனவரி 25 அன்று நடந்தது இதுதான். அந்த அணையில் 2016க்குப் பிறகு சேறு கொட்டவே இல்லை. 86 மீட்டர் உயரக் கரை சில நொடிகளில் சரிந்தது. 270 பேர் இறந்தார்கள். அலுவலகமும் கேன்டீனும் அணைக்கு நேர் கீழே இருந்தன. அது சாப்பாட்டு நேரம். அபாயச் சங்கு ஒலிக்கவில்லை.

கரையடியில் கசியும் நீர் கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். தேங்கிய நீர் கரையை நெருங்குவதும் ஆபத்து. ஆனால் கண்ணை மட்டும் நம்ப முடியாது; புருமாடின்யோவில் சரிவுக்குச் சற்று முன்புகூட வெளியே தெரியும் பெரிய அறிகுறி எதுவும் இல்லை. கரைக்குள் நீரழுத்தம் காட்டும் பீசோமீட்டர் அளவுகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். சேற்றைப் பிழிந்து, ஈரமண் பதத்தில் அடுக்கும் முறையும் உண்டு; செலவு கூடும், அணையில் தேங்கும் தண்ணீர் வெகுவாகக் குறையும்.

அணைக்குக் கீழே குடியிருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒரு வரைபடம்: உடைந்தால் சேறு எந்த வழியாக, எத்தனை நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வரும்?