கூரையில் சோலார்: அக்கரை பட்ட பாடும் இக்கரைக்குக் கிடைக்கும் மானியமும்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. 2022 மார்ச் கடைசியில் அந்தக் கரையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. இலங்கைக்கு மழை நன்றாகப் பெய்தால் அணை மின்சாரம் உண்டு. பெய்யாவிட்டால் டீசலும் உலை எண்ணெயும்தான். இவற்றோடு நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம். எண்ணெயும் நிலக்கரியும் கப்பலில் வரவேண்டும். அதற்கு டாலர் வேண்டும். டாலர் தீர்ந்ததும் வீடுகள் இருண்டன.

அதற்கு முன்பே அவர்கள் மாற்று வழியில் இறங்கியிருந்தார்கள். 2020 டிசம்பரில் மன்னார் தீவில் 30 காற்றாலைகள் திறக்கப்பட்டன. 2016-லேயே வீட்டுக் கூரைகளுக்கு ஒரு திட்டம் வந்தது. வீட்டுக்குப் போக மிச்ச யூனிட்டை அடுத்த மாதக் கணக்கில் கழிக்கலாம், மிச்சத்துக்குப் பணம் வாங்கலாம், அல்லது மொத்தத்தையும் விற்கலாம். பணம் வாங்குபவருக்கு அப்போது முதல் ஏழு ஆண்டுகள் யூனிட்டுக்கு 22 இலங்கை ரூபாய் என்று 20 ஆண்டு ஒப்பந்தம். கூரைகள் எவ்வளவு நிறைந்தன என்றால், 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்தபோது, பகலில் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. 2030-க்குள் 70 சதவீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க வழியில் எடுப்பது அவர்கள் இலக்கு.

சரி, நமக்கு என்ன இருக்கிறது? கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சோலார் நிலையம் ஓடுகிறது. ஆனால் நம் வீட்டு பில்லைக் குறைப்பது நம் மாடியில் வைக்கும் பேனல்தான். அதற்கு 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்தது பி.எம். சூர்ய கர் திட்டம்.

‘மாதம் 300 யூனிட் இலவசம்’ என்று கேட்டுவிட்டுப் பலர் அதை யாரோ சும்மா தருவதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் மாதம் 300 யூனிட்டுக்கு மேல் உங்கள் கூரையே உற்பத்தி செய்துவிடும். அரசு தருவது, போடுகிற செலவில் ஒரு பங்கு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக அதிகபட்சம் 78,000. ஐந்து கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான்.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் ஓட்டும் வீடு என்றால் இதில் இறங்க வேண்டாம் என்பேன். உங்களுக்குத் தமிழக அரசின் இலவச யூனிட்டே போதும். ஏ.சி., ஃபிரிட்ஜ், மோட்டார் ஓடும் வீட்டுக்குத்தான் இது லாபம்.

மின் இணைப்பு எண்ணோடு திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். இணைப்பு இன்னும் அப்பா, தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றிவிடுவது நல்லது. அந்த இணையதளத்தில் பதிவான நிறுவனத்தைத்தான் அமர்த்த வேண்டும். இந்தியாவில் செய்த பேனலுக்கு மட்டுமே மானியம். பேனல் ஏறி, வீடு எடுக்கும் மின்சாரத்தையும் கூரை வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டரை மின்வாரியம் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகுதான் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுச் செலவும் உங்கள் கையிலிருந்து. மூன்று கிலோவாட் வரை பிணையில்லா வங்கிக் கடன் உண்டு. மானியத்தை வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் இருப்பவர்கள் பேனலைவிட அதைத் தாங்கும் சட்டத்தைத்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்புக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தால், போல்ட் ஓரத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். துத்தநாகக் குளியல் கொடுத்த (கால்வனைஸ்) சட்டம், எவர்சில்வர் போல்ட் இரண்டையும் விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். புயல் காற்றுக்குக் கால்கள் தளத்தோடு கான்கிரீட்டில் பதிந்திருக்க வேண்டும். உப்புப் படிவைக் காலையில், பேனல் சூடாகும் முன், நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

அப்புறம் ஒன்று. வெயில் கொளுத்தினாலும், கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. புயல் நாளிலும் விளக்கு எரிய வேண்டும் என்றால் பேட்டரியோடு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை. மானியம் கிலோவாட் கணக்கில் மட்டும்தான், பேட்டரிக்குத் தனியாகக் கிடையாது. ஆகவே விலை கேட்கும்போதே பேட்டரியோடு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.