அகரவரிசையில் அடுக்கியதும் உடைந்த பில்டு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் சேர்ந்த இளைஞர் ஒருவர், அமைப்புக் கோப்பில் தாறுமாறாகக் கிடந்த பிளகின் (துணைநிரல்) பெயர்களைப் பார்க்கப் பொறுக்காமல் அகரவரிசையில் அடுக்கிவைத்தார். நிரலை இயங்கும் வடிவமாக்கும் பில்டு உடைந்தது. நிரலில் யாரும் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை என்பதால், காரணம் தேடியே அரை நாள் போனது.

ஜாவாஸ்கிரிப்டில் அப்போது இல்லாத இரண்டு எழுத்துமுறைகளை, புது எழுத்துமுறையைப் பழையதாக மாற்றித்தரும் பேபல் என்ற கருவி வழியாகச் சேர்த்திருந்தோம்: டெக்கரேட்டர் (கிளாஸின் மேல் @ போட்டு எழுதும் குறிப்பு), கிளாஸ் பிராப்பர்ட்டி (கிளாஸுக்குள் நேரடியாக எழுதும் மாறி). பேபல் தன் பிளகின்களை மேலிருந்து கீழாக இயக்கும். டெக்கரேட்டர்தான் முதலில் வர வேண்டும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஆங்கில அகரவரிசையிலோ 'சி' முந்திக்கொள்கிறது. (பிரீசெட்டுகள், அதாவது பிளகின் தொகுப்புகள், மட்டும் கீழிருந்து மேலாக இயங்கும். இதை முதலில் படித்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன்.)

தனித்தனியே இரண்டும் சாதுவான பிள்ளைகள்; பக்கத்தில் உட்கார வைத்தால்தான் சண்டை. மொழியில் புதுத் தொடரியல் (எழுதும் விதி) சேரும் இடமெல்லாம் இந்த ஆபத்து உண்டு. சி++ மொழியில், வகையை அடைப்புக்குள் தந்து எழுதும் டெம்ப்ளேட்டுக்குள் டெம்ப்ளேட் எழுதி >> என்று மூடினால், கம்பைலர் அதை, பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்தும் குறியாக எடுத்துக்கொண்டது. > > என்று இடைவெளி விட்டு எழுதித் தொலைத்தோம்; 2011 தரநிலையில்தான் அது தீர்ந்தது. நம் இலக்கணத்தில் இதற்குப் பொதுமொழி என்று பெயர். 'வேங்கை' சேர்ந்து நின்றால் புலி, பிரிந்து நின்றால் வேகின்ற கை. நாம் இடம் பார்த்துப் பொருள் கொள்வோம். நிரலைப் படித்துப் பிரித்தறியும் பார்சருக்கு அதையும் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஒரு நிரல்மொழியின் இலக்கணம் இருபொருள் தருமா என்று எல்லா நேரத்திலும் கண்டுபிடித்துச் சொல்லும் அல்காரிதம் இருக்கவே முடியாது என்பது நிரூபணமான செய்தி. ஆனால் வரம்பு கட்டினால் வழி உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஷ்வெர்ட்ஃபெகரும் வான் விக்கும் 2009-இல் அதைக் காட்டினார்கள். மொழியில் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு நீட்சியும் மூலமொழியில் இல்லாத ஓர் அடையாளச் சொல்லோடு தொடங்கி, வேறு சில நிபந்தனைகளுக்கும் உட்பட்டால், அதை மூலமொழியோடு மட்டும் சோதித்தால் போதும். பிறகு எத்தனை நீட்சிகளைச் சேர்த்தாலும் பார்சரில் மோதல் வராது. ரஸ்ட் மொழியில் மேக்ரோவின் (நிரலாக விரியும் சுருக்கத்தின்) பெயரை அடுத்து வரும் ! குறியும் எனக்கு இதனாலேயே பிடிக்கும். எல்லை எங்கே என்று படிப்பவருக்கும் தெரிந்துவிடுகிறது.

இப்போது யாராவது புதுத் தொடரியல் கேட்டால், சாதாரண ஃபங்ஷன் போதாதா என்று முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் போதும். போதாது என்றால், ஏற்கெனவே உள்ள நீட்சியையும் புதியதையும் ஒரே வரியில் கலந்த சோதனைக் கோப்பு ஒன்று வேண்டும் என்பேன். பழைய அமைப்புக் கோப்பில் 'வரிசையை மாற்றாதீர்கள்' என்ற குறிப்பும், அதன்கீழ் இரண்டு வரியில் காரணமும் இருக்கின்றன. எழுதியவர் அந்த இளைஞர்தான்.