புகை சர்டிபிகேட்: மலைல வண்டி ஓட்டுறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது

நீலகிரில பிக்கப், ஜீப்பு, பழைய காருன்னு வச்சிருக்கவங்க நெறைய பேருக்கு புகை சர்டிபிகேட்னா செக்கிங்ல மடக்குனா நீட்டுற ஒரு பேப்பர், அவ்ளோதான். ஆனா அதுக்கு முன்னாடி கவர்மெண்டும் கம்பெனிகளும் சேந்து பெரிய வேலை ஒன்னு பண்ணியிருக்காங்க.

வண்டி எவ்ளோ புகை விடலாம்னு கவர்மெண்ட் வச்சிருக்கிற அளவுக்கு பாரத் ஸ்டேஜ், சுருக்கமா பிஎஸ்னு பேரு. 2016 ஜனவரில, பிஎஸ் 4-ல இருந்து பிஎஸ் 5-ஐ விட்டுட்டு நேரா பிஎஸ் 6-க்கு போறோம்னு மத்திய அரசு சொல்லிருச்சு. வண்டி கம்பெனி இஞ்சின மட்டும் மாத்துனா பத்தாது, டீசல்ல கந்தகம் இருந்தா புகைய வடிகட்டுற பில்டரும் கேட்டலிஸ்டும் வீணாயிரும், அதனால ஆயில் கம்பெனிங்க ரிஃபைனரியவே மாத்தி கந்தகத்த 50 பிபிஎம்ல (பத்து லட்சத்துல 50 பங்கு) இருந்து 10-க்கு கொண்டு வந்தாங்க. 2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் பிஎஸ் 4 வண்டி விக்கவே கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2018-லயே சொல்லிட்டதால யாராலயும் இழுத்தடிக்க முடியல. ஆனா இது எல்லாமே புது வண்டிக்கு. ஏற்கனவே ரோட்ல ஓடுற வண்டிய புடிக்கிறதுக்கு நம்ம கைல இருக்கிறது புகை சர்டிபிகேட்டுக்காக எடுக்குற டெஸ்ட்தான்.

புது வண்டிக்கு முதல் ஒரு வருஷம் தேவையில்ல. அப்புறம் பிஎஸ் 4, பிஎஸ் 6 வண்டின்னா வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கும் பழசுன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. உங்க வண்டி எதுன்னு எம்பரிவாகன்ங்கிற கவர்மெண்ட் ஆப்ல பாத்துக்கலாம். பெட்ரோல் வண்டிக்கு சைலன்சர்ல குழாய விட்டு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பாப்பாங்க. டீசலுக்கு நியூட்ரல்ல வச்சு ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு புகை எவ்ளோ அடர்த்தின்னு அளப்பாங்க, பிஎஸ் 4-க்கு 50 ஹெச்எஸ்யு (புகை அடர்த்திய சொல்ற அளவு), அதுக்கு முந்தினதுக்கு 65 வரைக்கும் விடுவாங்க.

நம்மூர்ல சிக்கலே டீசல்லதான். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், காத்தழுத்தம் சமவெளில இருக்கறதுல முக்கால் பங்குக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். இஞ்சினுக்குள்ள டீசல அடிக்கிற பழைய மெக்கானிக்கல் பம்புக்கு அது தெரியாது, கீழ மேட்டுப்பாளையத்துல அடிக்கிற அதே அளவு டீசல இங்கயும் அடிக்கும், காத்து பத்தாம பாதி வெந்து கருப்பா வரும். இதுல ஏத்தத்துல நல்லா இழுக்கணும்னு பம்புல டீசல கூட்டி வேற வைக்கிறாங்க, பச்சை தேயிலை ஏத்துற வண்டி முன்னாடி போனா பின்னாடி வர்ற பைக்காரன் நெலமைய கேக்காதீங்க. அந்த செட்டிங்க கொறைச்சு, ஏர் பில்டர மாத்தி, டீசல தெளிக்கிற நாசில செக் பண்ணி, இஞ்சின் நல்லா சூடான பிறகு டெஸ்ட்டுக்கு போங்க. காலைல பனில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ண உடனே கொண்டு போனா பெயிலாக சான்ஸ் அதிகம். பிஎஸ் 6 டீசல் கார் வச்சு டவுனுக்குள்ளயே சின்ன சின்ன தூரம் ஓட்டுறவங்களுக்கு டிபிஎஃப் (புகைக்கரிய புடிக்கிற பில்டர்) லைட் வந்தா, கீழ சமவெளிக்கு போய் கொஞ்ச தூரம் ஒரே ஸ்பீடுல ஓட்டுனா பெரும்பாலும் பில்டர் தன்னாலயே எரிச்சு சுத்தம் பண்ணிக்கும்.

பெயிலானா காரணம் போட்டு ரிஜெக்‌ஷன் ஸ்லிப் தரணும், 2021-ல இருந்து அதுதான் ரூல். அத மெக்கானிக் கிட்ட காட்டி சரி பண்ணிட்டு மறுபடி போலாம். டெஸ்ட்டே பண்ணாம காச வாங்கிட்டு சர்டிபிகேட் தர்றேன்னு சொல்ற இடத்துக்கு போகாதீங்க, ரோட்ல புகை அடிச்சா ஆபீசர் மறுபடி டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். சட்டப்படி அபராதம் 10,000 ரூபா வரைக்கும், இல்லன்னா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். சர்டிபிகேட் இல்லன்னா இன்சூரன்ஸ் ரினியூ ஆகாதுன்னு 2017-ல வந்த கண்டிஷன சுப்ரீம் கோர்ட் 2024-ல எடுத்துருச்சு, அதுக்காக சர்டிபிகேட்டே வேண்டாம்னு ஆயிறாது. அப்புறம் இ-பாஸ் வேற, இது வேற, இ-பாஸ்ங்கிறது நீலகிரிக்குள்ள வர்ற வெளியூர் வண்டிக்கு ஆன்லைன்ல வாங்குற அனுமதி, 2024 மே-ல கொண்டு வந்தது.

எவ்ளோ செலவு பண்ணியும் பாஸ் ஆகாத வண்டின்னா ஸ்க்ராப் பண்ற வழி இருக்கு. அனுமதி வாங்குன ஸ்க்ராப் சென்டர்ல குடுத்தா ஒரு டெபாசிட் சர்டிபிகேட் தருவாங்க. அத வச்சு புது வண்டி எடுத்தா ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ் இல்ல, ரோட் டாக்ஸ்ல சொந்த வண்டிக்கு 25 சதவீதம், வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரைக்கும் மாநில அரசு கொறைக்கலாம்னு மத்திய ரூல்ல இருக்கு, இங்க எவ்ளோன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்கங்க. வண்டி கம்பெனிகளும் கொஞ்ச காலத்துக்கு தள்ளுபடி தர்றதா 2024-ல ஒத்துக்கிட்டாங்க, இப்பவும் இருக்கான்னு ஷோரூம்ல நீங்கதான் கேக்கணும். பழைய இரும்பு கடைல போட்டா இது எதுவும் கெடைக்காது, ஆர்சியும் உங்க பேர்லயே நிக்கும்.